அடைத்த வாயிலின் முன்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையைக் காண்கிறோம். அத்தகைய இடங்களில், ஐம்பது பேருக்குக் குறையாத ஆலை ஒன்று வேலை தர இயலாமல் சில நாட்கள் நின்றால், ஓராண்டு பணிபுரிந்தவருக்குப் பாதி ஊதியம் உண்டு. 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் அவ்வாறு விதித்தது. ஆனால் பதிலித் தொழிலாளரையும் தற்காலிகத் தொழிலாளரையும் விலக்கியது. 2020-இல் இயற்றப்பட்ட தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அவ்விலக்கு நீடிக்கிறது. பதிவேட்டில் நிலையான பெயருள்ளவனுக்குப் பாதி; அன்றாடங்காய்ச்சிக்கு ஒன்றுமில்லை!

திராட்சைத் தோட்ட உவமையில், மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை. உரிமையாளர் அவர்களுக்கும் முழு நாள் கூலியைக் கொடுத்தார். 'அது அவரது தாராளம், கடமையன்று; அவர்களும் ஒரு மணி நேரமேனும் உழைத்தார்களே' என்று முதலாளி வாதிடலாம். மறுப்பதற்கில்லை. ஆயினும், இலாபத்தில் பங்கில்லாத கூலியாள், ஆலை நிற்கும் நாளின் இழப்பை மட்டும் முழுமையாகச் சுமப்பது எந்த நீதி?

2020 ஊரடங்கின்போது, மூடிய நாட்களுக்கும் பிடித்தமின்றி ஊதியம் தருமாறு மத்திய அரசு மார்ச் 29-இல் ஆணையிட்டது. மே மாதத்தில் அவ்வாணை விலக்கப்பட்டது. ஜூன் 12-இல் உச்ச நீதிமன்றம், இரு தரப்பினரும் பேசித் தீர்த்துக்கொள்ள வழி கூறியது. பேசலாம். ஆனால் ஒப்பந்தக்காரர் வழியாக வந்த நாட்கூலி யாரிடம் பேசுவான்? நிர்வாகம் ஒப்பந்தக்காரரைக் காட்டும். அவரோ அடைத்த வாயிலைக் காட்டுவார்.