கணிதத்தை விலக்குவது யார்?

க. பொ. த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவந்ததும் வீடுதோறும் ஒரு வினா எழுகின்றது: உயர்தரத்தில் எத்துறை? இணைந்த கணிதத்தை ஏற்போர் சிலர், விலக்குவோர் பலர். ஏற்றவன் கெட்டிக்காரன், விலக்கியவன் மூளையற்றவன் அல்லது சோம்பேறி என்பதே நம்மிடையே வழங்கும் தீர்ப்பு. இது நீதியான தீர்ப்பா?

இரு வழிகள் திறந்திருக்க, அவற்றை அறிந்து ஒன்றைக் கொள்வதே தெரிவு. ஒரு வழி அடைபட்டிருக்கையில் மற்றதிற் செல்வதை நிர்ப்பந்தம் என்றே கூறுதல் வேண்டும். இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகள் ஏறக்குறைய 10,000. உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதத் துறைகளை நடத்தும் 1ஏபி வகைப் பாடசாலைகள் அவற்றுள் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. தோட்டத்து லயத்திலிருந்து தொலைவிலுள்ள நகரப் பாடசாலைக்கு நாள்தோறும் சென்றுவர இயலாத மாணவி, அருகிலுள்ள பாடசாலையிற் கலைத்துறையிற் சேர்கின்றாள். அவளுக்குக் கணிதத்தில் விருப்பமில்லை என்று நாம் கூறிவிடுகின்றோம்.

கணிதம் படிப்படியாக உயரும் கல்வி. பின்னம் விளங்காதவனுக்கு அட்சரகணிதம் புதிர். அட்சரகணிதம் விளங்காதவனுக்கு நுண்கணிதம் இருள். ஆறாம் தரத்தில் ஆசிரியரின்றிக் கழிந்த ஒரு தவணை, பதினாறாம் வயதிற் "பயம்" என்னும் பெயருடன் வெளிப்படுகின்றது. வசதியுள்ளவன் அவ்விடைவெளியை ரியூசனால் நிரப்புகின்றான். வறியவனோ அதனைத் தன் மூளையின் குறையென நம்பிவிடுகின்றான். இந்நம்பிக்கையே யாவற்றினும் கொடியது.

விரும்பாதோரையும் கணிதத்துக்குள் தள்ளவேண்டும் என்பதன்று நமது வாதம். எந்திரவியற் பட்டத்துக்காகப் பெற்றோர் தள்ள, ஈடுபாடின்றி மூன்று முறை பரீட்சை எழுதி வாடுபவனும் சுதந்திரமற்றவனே. வரலாற்றையோ இலக்கியத்தையோ விரும்பிக் கற்பவன் எவ்வகையிலும் தாழ்ந்தவனல்லன். எனினும், ஏற்கும் வாய்ப்புடையவன் மறுக்கும்போதுதான் அம்மறுப்பு அவனுடையதாகின்றது.

1945ஆம் ஆண்டு முதல் நிலைபெற்ற இலவசக் கல்வி, கட்டணம் என்னும் தடையை நீக்கிற்று. கணித ஆசிரியரில்லாத பாடசாலையில் அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆசிரியர் நியமனத்துக்காகவும், உயர்தரக் கணித வகுப்புகள் கிராமங்களையும் தோட்டங்களையும் எட்டுவதற்காகவும் ஒன்றுபட்டுக் குரலெழுப்புதல் ஆசிரியர், மாணவர் யாவரதும் கடன். "உனக்குக் கணக்கு வராது" என்னும் சொல்லை நமது வகுப்பறைகளிலிருந்து அகற்றுவதற்கோ எந்த நியமனமும் வேண்டியதில்லை. அதை இன்றே செய்யலாம்.