சாவடிக்குக் கொடுத்த இரண்டு தெனாரியம்

அருள்புரத்தில் பனியன் கம்பெனிகளின் இரவு ஷிப்ட் முடிந்து மக்கள் வீடு திரும்பும் வேளையில், அடைத்த கடைகளின் திண்ணைகளில் வீடற்றோர் சிலர் உறங்குவதைக் காண்கிறோம். அவர்களுள் மனநலம் குன்றியவர்களும் உண்டு. நோய் முற்றியதும் 108 ஊர்தி வருகிறது. அரசு மருத்துவமனை சில நாள் பேணி அனுப்புகிறது. மீண்டும் அதே திண்ணை. இத்தனையும் மக்கள் பணம். அதைக்கொண்டு ஒரு வீடும் துணைக்கு ஓர் ஆளும் தந்தால் செலவு குறையாதா என்று கேட்பது நியாயமே.

கனடா நாட்டினர் இதை அளந்து பார்த்தனர். 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், வீடின்றி மனநோயுற்றிருந்த 2,000-க்கும் மேற்பட்டோரிடையே ஆய்வு நடந்தது. ஒரு சாராருக்கு நிபந்தனையின்றி வீடும் தொடர்ந்த துணையும் தரப்பட்டன. முன்பு பொதுப்பணத்தை மிக அதிகம் செலவழிக்க வைத்த பத்தில் ஒரு பங்கினரிடம், போட்ட ஒவ்வொரு 10 டாலருக்கும் 21 டாலருக்கு மேல் மிச்சமானது. நோயின் கடுமை குறைந்தவர்களிடமோ 4 டாலர்கூட மிச்சமாகவில்லை.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். மிச்சம் ஒன்றே காரணமானால், எவருக்கும் தொல்லை தராமல் ஒதுங்கிக் கிடப்பவரைத் திண்ணையிலேயே விட்டுவிடலாம் என்றாகும். நம் நாட்டில் இவ்வாதம் இன்னும் ஆபத்தானது. தெருவில் கிடப்பவருக்கு நாம் செலவிடுவதே சொற்பம். செலவே இல்லாத இடத்தில் மிச்சம் எங்கிருந்து வரும்?

சென்னையில் 1993-இல் தோன்றிய 'தி பான்யன்' அமைப்பு, நெடுங்காலம் காப்பகத்தில் இருந்தவர்களை நாலைந்து பேராக, சாதாரணத் தெருக்களிலுள்ள வாடகை வீடுகளில் உதவியாளர் துணையுடன் குடியமர்த்துகிறது. அடுப்பு மூட்டுவதும், கடைக்குப் போவதும், அண்டை வீட்டாரிடம் நலம் விசாரிப்பதும் எந்தப் பேரேட்டிலும் வரவாக ஏறுவதில்லை. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் கூறுகிறது.

கணக்குப் பார்ப்பது குற்றமல்ல. பொதுப்பணத்துக்கு அது கடமை. எவ்வாறு சிக்கனமாகக் கொடுப்பது என்பதைக் கணக்கு சொல்லட்டும். எவருக்குக் கொடுப்பது என்பதைச் சொல்ல அதற்கு உரிமையில்லை. நல்ல சமாரியர் அடிபட்டவரைச் சாவடியில் சேர்த்தார். கவனிக்க ஒருவரை ஏற்பாடு செய்தார். இரண்டு தெனாரியம் கொடுத்தார். மேற்கொண்டு ஆவதையும், தொகை தெரியாமலே, தாம் ஏற்றுக்கொண்டார்.

நம்மில் பலர் தொழிலாளருக்கென லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். நாளை இத்தகைய நால்வருக்காக ஒருவர் வந்து ஒரு வீடு கேட்டால், உரிய வாடகைக்கேனும் கொடுப்போமா? அரசிடம் இக்கேள்வியைக் கேட்குமுன் நமக்குள் கேட்டுக்கொள்வோம்.