நாலு வெள்ளி

எக்ஸெல் கோப்பில் அது எட்டாவது வரிசை. 'தையல் கூலி, ஒரு பைக்கு: 4.00'. அந்த எண்ணை இட்டவன் நான்தான். எங்கிருந்து அது வந்தது என்று இப்போது யோசித்தால் விடை இல்லை. மற்ற எண்களுக்கெல்லாம் கடைக்காரரைக் கேட்டோம், ரசீது வைத்திருந்தோம். இதை மட்டும் யாரையும் கேட்காமல் போட்டோம்.

ஜாசினில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சமூகத் தொழில்முனைவுக்குத் திட்டம் எழுதிக்கொண்டிருந்தோம். நம் வீடுகளில் உடுத்தாமல் கிடக்கும் சேலைகளைச் சேகரிப்பது, துவைத்துத் தரம் பிரிப்பது, தோட்டத்தைவிட்டுத் தாமான்களுக்குக் குடிவந்துவிட்ட பெண்களிடம் கொடுத்துத் தோள்பையாகத் தைத்து வாங்குவது, 25 ரிங்கிட்டுக்கு விற்பது. சமூகத் தொழில்முனைவு நிறுவனங்களுக்கு 2019 முதல் இங்கே அரசு அங்கீகாரம் உண்டு. ஒருநாள் அதையும் வாங்கிவிட வேண்டும் என்று ஆசை.

தொடக்கம் என் அம்மாவின் அலமாரிதான். எண்ணிப் பார்த்தேன், அறுபத்து மூன்று சேலைகள். பாதிக்கு மேல் முகநூல் நேரலையில் வாங்கியவை. இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் சேலையை விரித்துக் காட்டி விலை சொல்வார், கீழே எண்ணைத் தட்டினால் மறுவாரம் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு கல்யாணத்துக்குக் கட்டியதை அடுத்த கல்யாணத்துக்குக் கட்ட முடியாது, படம் எடுத்துவிட்டார்களே. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் சட்டைகளை நான் எண்ணவே இல்லை.

பாட்டியின் கணக்கு வேறு. அவர் ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர், அந்தக் காடெல்லாம் செம்பனையாக மாறுவதற்கு முன்னால். தாத்தாவின் முழுக்கைச் சட்டை பழசானதும் அது பாட்டியின் மரம்வெட்டும் சட்டையாகும். பால் பட்டுக் காய்ந்த கறை எதற்கும் போகாது. ஆகவே அந்தச் சட்டைக்குத் திரும்பிப் போக வழி இல்லை, கிழியும்வரை காட்டுக்குத்தான். கிழிந்த பிறகு அடுப்படியில் கரித்துணி. நூல்சேலை ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளுக்குத் தொட்டிலாகும். எங்கள் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் இதைத்தான் 'நம் முன்னோரின் நீடித்த வாழ்க்கைமுறை' என்று எழுதியிருந்தோம். அச்செடுத்துப் படித்தபோது கூச்சமாக இருந்தது. பாட்டி துணியை வீணாக்காமல் இருந்ததற்குக் காரணம் கொள்கை அல்ல, கையில் காசு இல்லை. அவரிடம் முகநூல் நேரலை இருந்திருந்தால் அவரும் எண்ணைத் தட்டியிருப்பார். இல்லாமையைப் பண்பாடு என்று பெயர் மாற்றி விற்க எங்களுக்கு அவ்வளவு எளிதாக இருந்தது என்பதுதான் முதல் நெருடல்.

அலமாரியைக் காலி செய்ய இங்கே ஏற்கெனவே வழி இருக்கிறது. பழந்துணிப் பெட்டியில் போட்டுவிட்டால் மனம் லேசாகிவிடும். ஆனால் உலகத்தின் பழந்துணி எங்கேயாவது போய்ச் சேரத்தானே வேண்டும்? கானா நாட்டின் அக்ராவில் கண்டமான்டோ என்றொரு பெரிய சந்தை, பணக்கார நாடுகள் கழித்த துணி பேல் பேலாக வந்து இறங்கும் இடம். அங்கே அதற்கு வழங்கும் பெயரின் பொருள் 'இறந்துபோன வெள்ளைக்காரனின் துணி'. உயிரோடு இருப்பவன் இவ்வளவு துணியைக் கழிப்பான் என்று நம்ப முடியாமல் வைத்த பெயர் என்பார்கள். விற்காதது குப்பைமேட்டுக்கும் கடலோரத்துக்கும் போகிறது. 2025 ஜனவரியில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீயில் எரிந்தது. இதையெல்லாம் படித்த வேகத்தில்தான் நாங்கள் பை தைக்கக் கிளம்பினோம்.

எங்கள் தாமானில் ரவிக்கை தைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். மாதிரிக்கு மூன்று பைகள் தைத்துத் தரச் சொன்னோம். முதல் பைக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. மூன்றாவதை என் கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன், ஒன்றேகால் மணி நேரம். சேலை வழுக்கும், உள்துணி வைக்க வேண்டும், ஜிப் வைக்க வேண்டும். அக்கா பையை நீட்டிவிட்டுக் கேட்டார்.

"இதுக்கு எவ்ளோ தம்பி குடுப்பீங்க?"

"நாலு வெள்ளிக்கா. இப்போதைக்கு."

"ரவிக்கைக்கு முப்பத்தஞ்சு வாங்குறேன்."

"இது ஒரு நல்ல காரியத்துக்குக்கா. லாபத்துக்குப் பண்ணல."

அவர் கோபப்படவில்லை. ஊசியைத் தலையணையில் குத்திவைத்துவிட்டுச் சொன்னார், "நல்ல காரியம்னா எல்லாரும்தான பண்ணணும். நான் மட்டும் கொறச்சிக்கிட்டா எப்படி?"

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். துவைத்துத் தேய்க்க 3 ரிங்கிட், ஜிப்பும் நூலும் உள்துணியும் 3.50, தையல் 4, உறையும் கதை சொல்லும் அட்டையும் 2.50, விற்பனைக் கட்டணம் 4, போக்குவரத்து 2. மொத்தம் 19. பைக்கு ஆறு ரிங்கிட் மிச்சம். 2025 ஆகஸ்ட்டிலிருந்து எல்லா முதலாளிகளும் தர வேண்டிய குறைந்தபட்ச ஊதியம் மாதத்துக்கு 1,700 ரிங்கிட், மணிக்கு 8.72. அந்தக் கணக்கில் ஒன்றேகால் மணிக்கு 10.90 வரும். அதைப் போட்டால் ஒவ்வொரு பைக்கும் 90 காசு நட்டம். சட்டம் எங்களைப் பிடிக்காது, அதையும் முன்கூட்டியே பார்த்துவைத்திருந்தோம். அவர்கள் வீட்டிலிருந்து தைப்பவர்கள், எங்கள் ஊழியர்கள் இல்லை. அறிக்கையில் 'பங்காளிகள்' என்று எழுதியிருந்தோம். லாபத்தில் பங்கு தருவதாக எங்கேயும் எழுதவில்லை.

நான் ஒரு தொழிற்சாலையில் செயல்முறைப் பொறியாளன். ஒரு பொருளின் செலவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எங்கே ஐந்து காசு குறைக்கலாம் என்று பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. ஜிப்பின் விலை குறையாது, ஜிப்காரர் தர மாட்டார். போக்குவரத்தும் குறையாது. பதில் சொல்லாத கட்டம் எதுவோ அதைத்தான் குறைப்போம். இது எவனோ ஒரு கெட்டவன் செய்வதில்லை, கோப்பே கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போகும்.

திருப்பூரில் அப்படிப் பதில் சொல்லாத கட்டமாக இருந்தது ஒரு ஆறு. வெளிநாட்டு வணிகர் பனியனுக்கு விலை குறைப்பார், ஏற்றுமதியாளர் சாயப்பட்டறையிடம் குறைப்பார், சாயப்பட்டறை யாரிடம் குறைக்கும்? நொய்யலிடம். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும். கழிவுநீரில் தெரியும் நிறத்தை நீக்குவது ஓரளவு எளிது. கரைந்திருக்கும் உப்பைப் பிரிப்பதற்குத்தான் செலவு, சவ்வில் வடிகட்டி மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டி 1992இல் பயன்பாட்டுக்கு வந்த அணை, சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. நீருக்காகக் காத்திருந்த உழவர்களே அந்த நீரைத் திறந்துவிடாதீர்கள் என்று நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆறு பேசவில்லை, அதன் சார்பில் ஆயக்கட்டு உழவர்கள் பேசினார்கள். அதற்கே எத்தனை ஆண்டுகள்.

எங்கள் பையில் சாயம் இல்லை, உப்பு இல்லை, ஆறு இல்லை. அக்கா இருந்தார்.

கூட இருந்த நண்பன் இதை ஏற்கவில்லை. அவன் வாதத்தை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். "அவங்களுக்கு மத்தியானம் சும்மாதான இருக்கு. சும்மா இருக்கிற நேரத்துக்கு நாலு வெள்ளி வந்தாலும் வரவுதான? நீ பத்து தொண்ணூறு குடுக்கணும்னு சொல்லி கடைய மூடிட்டா அவங்களுக்கு அந்த நாலும் இல்ல." உண்மைதான். அரசுத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள் எல்லாமே இந்த ஒரு வாக்கியத்தில்தான் நிற்கின்றன.

இதே வாக்கியம் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கதர் இயக்கத்துக்குள் எழுந்திருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். 1925இல் காந்தி தொடங்கிய அகில இந்திய நூற்போர் சங்கத்தை இன்றைய சொல்லில் சமூகத் தொழில்முனைவு எனலாம். தமிழ்நாட்டில் கதர் வேலையின் முக்கிய மையம் அன்றைக்கும் திருப்பூர்தான். ராட்டைக்குக் காந்தியே முதலில் சொன்ன நியாயம் என் நண்பன் சொன்னதுதான்: வயல்வேலை இல்லாத சும்மா நேரத்தில் நூற்றால் கிடைக்கும் துணை வருமானம். பத்தாண்டு அப்படியே போயிற்று. நூற்ற பெண்களுக்குக் கிடைத்த கூலி மிகச் சொற்பம், கதர் மலிவாக இருந்ததற்குக் காரணமும் அதுதான். 1935இல் காந்தி நிலையை மாற்றிக்கொண்டார். எட்டு மணி நேர நூற்புக்கு எட்டணா வேண்டும் என்றார். சங்கத்தில் இருந்தவர்கள் திகைத்தார்கள். விலை ஏறும், விற்பனை விழும், கடைசியில் அந்தப் பெண்களுக்கே வேலை போகும் என்றார்கள். சங்கம் எட்டணாவுக்குப் போகவில்லை, ஆனால் வாழ்வதற்குப் போதுமான கூலி என்ற கொள்கையை ஏற்று, குறைந்த அளவில் தொடங்கியது.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது காந்தியின் பெருந்தன்மை அல்ல. தன் இயக்கத்தின் துணி நல்ல துணி என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தபோது, அந்த நன்மையின் செலவை யார் கட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். 'சும்மா நேரம்' என்ற சொல்லை இனி நான் அவ்வளவு எளிதில் சொல்ல மாட்டேன். அக்காவின் மத்தியானத்தில் மாமியாரின் மருந்து இருக்கிறது, பிள்ளையை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுவது இருக்கிறது. விலை வைக்காத நேரத்தைச் சும்மா நேரம் என்று நாங்களாக எடுத்துக்கொண்டோம்.

காந்தியோடு வேலை செய்த தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா, சிறையில் எழுதிய தன் 'நிலைத்த பொருளாதாரம்' நூலில் பிழைக்கும் வழிகளை விலங்குகளைக் கொண்டு வகை பிரிக்கிறார். குரங்கு தான் வளர்க்காத தோப்பில் பறித்துத் தின்னும். தேனீ கூட்டத்துக்காகச் சேர்க்கும். எங்கள் அறிக்கையின் அட்டையில் தேனீ படம் போட்டிருந்தோம், தற்செயலாக. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் குரங்கைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோப்பைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். எட்டாவது வரிசையை 10.90 என்று பூட்டிவிட்டு மற்றதை அதற்கேற்ப மாற்றினால் பையின் விலை 32 ரிங்கிட்டுக்கு மேல் போகிறது. அந்த விலைக்கு மலாக்காவில் யார் வாங்குவார்கள்? கோலாலம்பூரில் வாங்குவார்கள், ஏற்கெனவே வீட்டில் பத்துப் பை வைத்திருப்பவர்கள். பதினோராவது பையையும் குற்ற உணர்வில்லாமல் வாங்கலாம் என்று நாங்கள் அட்டையில் அச்சடித்துக் கொடுப்போம். இப்படி ஒரு முட்டுச்சந்து. நண்பன் இன்னும் பேசுகிறான், பேசட்டும். விற்க முடியாத விலைதான் சரியான விலை என்றால் அந்தப் பையைச் செய்யாமல் இருப்பதே மேல் என்ற இடத்தில் நான் நிற்கிறேன். அப்படியானால் சேலைகளை என்ன செய்வாய் என்கிறான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன வாரம் அம்மாவின் ரவிக்கை ஒன்றை அக்காவிடம் கொண்டுபோனேன், பிடிக்கிறது என்றார் அம்மா. அக்கா அதை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலத் துணி உள்ளே மடித்துவிட்டுத் தைத்திருக்கிறது, உடம்பு வைத்தால் பிரித்துக்கொள்ள. கடையில் ஆயத்தமாக வாங்கும் ரவிக்கையில் இது இருக்காது, துணி மிச்சம் பிடித்துவிடுவார்கள். பழைய தையலைப் பிரித்து, தேய்த்து, மறுபடி தைத்து, கொக்கியும் மாற்றினார். முக்கால் மணி நேரம் ஆனது. இந்த முறை நேரம் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

"எவ்ளோக்கா?"

"அஞ்சு வெள்ளி குடு."

பத்து ரிங்கிட் நோட்டை நீட்டி மிச்சம் வேண்டாம் என்றேன். அவர் ஐந்து ரிங்கிட்டை என் கையில் திருப்பி வைத்தார். "பழசு பிரிச்சித் தைக்கிறதுக்கு யாரு தம்பி இதுக்கு மேல குடுக்குறாங்க?"