பூச்சாண்டி ஆட்சி

பள்ளியிலே பகுத்தறிவு, வீட்டிலே பூச்சாண்டி — இது முறைதானா? ஆசிரியப் பணியாற்றிக்கொண்டே இரண்டு வயது, மூன்று வயது மழலைகளையும் வளர்த்து வருகின்ற நாம், நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. 'சிறிய சேதி, இதற்கொரு கட்டுரையா!' என்று எள்ளி நகையாடுவோர் இருக்கக்கூடும். சிறிய சேதியன்று, தோழர்களே! நாட்டிலே அச்சம் எங்கே விதைக்கப்படுகிறது, எவரால் விதைக்கப்படுகிறது, எந்த வயதில் விதைக்கப்படுகிறது என்பது பற்றிய சேதி.

வகுப்பறையிலே நாம் பேசுவது என்ன? "காரணம் கேள், கண்டதை எல்லாம் நம்பிவிடாதே" என்கிறோம். நிலவைப் பாம்பு விழுங்குவதில்லை, புவியின் நிழல் அதன்மீது படிகிறது என்று கரும்பலகையிலே வட்டம் வட்டமாக வரைந்து விளக்குகிறோம். மாணவர் கண்களிலே ஒளி. நம் உள்ளத்திலே பெருமிதம். மாலையிலே வீடு. கையிலே திருத்த வேண்டிய ஏடுகளின் கட்டு, அடுப்பிலே உலை, இடுப்பிலே பிள்ளை, எதிரே சோற்றுக் கிண்ணம். பிள்ளை வாய் திறக்க மறுக்கிறது. சிறிது நேரம் கொஞ்சல், சிறிது நேரம் கெஞ்சல், அதன் பிறகு? "சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போய்விடுவான்!" — ஆசிரியர் இல்லங்களிலேயும் இந்தக் குரல் கேட்கத்தானே செய்கிறது!

கிண்ணம் காலியாகிவிடுகிறது. வெற்றிதான்! ஆனால் வென்றவர் யார்? தாயா? தந்தையா? அறிவா? மூவரும் அல்லர்; பூச்சாண்டி வென்றான்!

அவன் தனியே வருபவனும் அல்லன். முன்னே அவன் வந்தால் பின்னே ஒரு படையே வரும். பிடித்துச் செல்லப் போலீசுக்காரர் வருவார். ஊசியோடு டாக்டர் வருவார். கண்ணைக் குத்தச் சாமி வரும். நோய் தீர்க்க வருபவரைக் கண்டு பிள்ளை அலறுகிறது. காவலுக்கு நிற்பவரைக் கண்டு நடுங்குகிறது. இந்தப் படையிலே இன்னொருவருக்கும் இடம் உண்டு. "இரு, இரு, உன் டீச்சரிடம் சொல்லிவிடுகிறேன்!" — எத்தனை வீடுகளில் கேட்கிறது இந்த மிரட்டல்! ஆம், ஊரார் வீட்டிலே நாம்தான் பூச்சாண்டி! அப்படி அஞ்சி அஞ்சி வளர்ந்த பிள்ளை முதல் வகுப்பிலே வந்து அமர்ந்து வாய் திறவாமல் விழிக்கும்போது, 'ஏன் இந்தப் பிள்ளை கேள்வியே கேட்பதில்லை?' என்று வியக்கிறோம். வியப்பதற்கு என்ன இருக்கிறது? விதைத்தது விளைந்திருக்கிறது.

அச்சம் பிறவியிலேயே வருவது, நாம் என் செய்வது என்பர் சிலர். 1920-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு உளவியலார் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏறத்தாழப் பதினொரு மாதக் குழந்தை ஒன்று. 'ஆல்பர்ட்' என்பது ஆய்வேட்டில் அதற்கு இட்ட பெயர். வெள்ளெலியைக் கண்டு அஞ்சாமல் கை நீட்டியது அக்குழந்தை. அது எலியைத் தொட முனைந்தபோதெல்லாம், முதுகுக்குப் பின்னே இரும்புச் சட்டத்தைச் சுத்தியால் ஓங்கி அடித்தனர். சில முறைதான்! பிறகு ஓசையே இல்லாமல் எலியைக் காட்டினாலும் அழுதது; முயலைக் கண்டும், நாயைக் கண்டும், மயிர்த்தோல் அங்கியைக் கண்டுங்கூட மிரண்டது. ஊட்டிய அச்சத்தை நீக்கும் முன்பே குழந்தையைத் தாய் அழைத்துச் சென்றுவிட்டாள். ஒரே குழந்தையைக் கொண்டு நடத்திய ஆய்வு அது. அதிலிருந்து உலகத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் விதி வகுத்துவிட இயலாது. எனினும், அச்சம் கற்பிக்கப்படக் கூடியது, கற்பித்த இடத்தோடு நில்லாமல் பரவக் கூடியது என்பதை அது காட்டிற்று. கொடுமை எனக் கருதி, இன்று எந்த ஆய்வுக்கூடமும் அதற்கு இசைவு தாராது. ஆய்வுக்கூடத்திலே கொடுமை என்று தள்ளியதை, அடுக்களையிலே அன்பு என்று பெயரிட்டு நடத்தலாமா?

'இரண்டு வயதுப் பிள்ளையிடம் தருக்கம் பேசச் சொல்கிறீரா? அடுப்பை நோக்கி ஓடும் குழந்தைக்கு வெப்பவியல் விளக்குவதா?' என்று கேட்பர். நல்ல கேள்வி. நாம் அப்படிச் சொல்லவில்லை. ஓடும் குழந்தையை ஓடிப்போய்த் தூக்கத்தான் வேண்டும். தடுப்பது வேறு, மிரட்டுவது வேறு! "அடுப்புச் சுடும்" என்பது உண்மை. இளஞ்சூடான குவளையைத் தொட வைத்து "இதுதான் சூடு" என்று சொன்னால், அந்த உண்மை பிள்ளையின் விரலுக்கே விளங்கும். "அடுப்பிலே பூதம் இருக்கிறது" என்பது பொய். இரண்டும் குழந்தையை விலக்கி வைக்கும். ஒன்று உலகை அறியச் செய்து விலக்குகிறது, மற்றொன்று உலகைக் கண்டு ஒளியச் செய்கிறது.

சோற்றுக் கிண்ணத்தையே எடுத்துக்கொள்வோம். பிள்ளையின் மறுப்புக்குக் காரணம் தேடினோமா? முதல் ஆண்டிலே குழந்தையின் எடை, பிறந்தபோது இருந்ததைப்போல் ஏறத்தாழ மும்மடங்காகிறது. இரண்டாம் ஆண்டிலே கூடுவதோ ஏறத்தாழ 2 அல்லது 3 கிலோதான். வளர்ச்சியின் வேகம் தணிகிறது. அதனோடு பசியும் தணிகிறது. நன்றாக ஓடியாடி விளையாடும் பிள்ளை 'போதும்' என்று தலையைத் திருப்பினால், பெரும்பாலும் அது பிடிவாதமன்று. வயிறு கூறும் தகவல்! தகவலைத் தரும் வாயைப் பூச்சாண்டி கொண்டு அடைக்கலாமா? பிள்ளை நாள்தோறும் உண்ண மறுத்து மெலிந்தால் நாடவேண்டியது மருத்துவரை, பூதத்தையன்று.

சட்டத்தையும் சற்றே நோக்குவோம். 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியிலே குழந்தையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஊரார் பிள்ளைமீது ஓங்கக் கூடாத கை, பெற்ற பிள்ளைமீது மட்டும் ஓங்கலாமா? மாணவனிடம் பேசக் கூடாத மிரட்டல், மழலையிடம் மட்டும் பேசத் தக்கதா? ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பர். வளரும், ஐயமில்லை; எப்படி வளரும், நிமிர்ந்தா, குனிந்தா என்பதுதான் கேள்வி!

இவ்வளவும் கூறிவிட்டு, பழியைத் தாயின் தலையிலே சுமத்திவிட்டுப் போனால் அது அறமாகாது. பூச்சாண்டியை அழைப்பது பெரும்பாலும் கொடுமையன்று, களைப்பு. காலையிலிருந்து வகுப்பிலே நின்று பேசி ஓய்ந்த ஆசிரியை, மாலையிலே இரண்டாம் பணிக்கு வருகிறாள். அவள் கணவனும் ஆசிரியன்தான். அவன் சாய்வு நாற்காலியிலே சமத்துவம் பற்றிய நூலைப் படித்துக்கொண்டிருக்கிறான்! துணைக்கு வர வேண்டியவன் வராதபோது, அவள் பூச்சாண்டியைத் துணைக்கு அழைக்கிறாள். யார் குற்றம்?

தமிழ்நாட்டு அரசு 2021-இல் தன் பெண் ஊழியர்க்கான மகப்பேறு விடுப்பை 12 மாதங்களாக உயர்த்திற்று, வரவேற்கிறோம். மைய அரசுப் பணியிலே தாய்க்கு 180 நாள், தந்தைக்கு 15 நாள். பெற்ற உடலுக்கு ஓய்வு வேண்டும், பால் தர நாள் வேண்டும், மறுப்பார் இல்லை. ஆனால், தந்தை என்பவன் இரண்டு வாரம் வந்துபோகும் விருந்தாளியோ? விடுப்பு முடிந்து தாய் பள்ளிக்குத் திரும்பும் வேளையில்தான் பிள்ளை நடக்கத் தொடங்குகிறது. பிறகு பேச்சு வருகிறது, 'இது என்ன?' வருகிறது, 'ஏன்?' வருகிறது. அந்த 'ஏன்' ஒவ்வொன்றுக்கும் விடை கூறப் பொறுமை வேண்டும். பொறுமைக்கு நேரம் வேண்டும். நேரம் கிடைக்க வேலை பங்கிடப்பட வேண்டும். ஆகவே தோழர்களே, குழந்தையின் பகுத்தறிவு கணவன் சோறூட்டுவதிலும் பாத்திரம் துலக்குவதிலும் அடங்கியிருக்கிறது என்று கூறினால் நகைக்காதீர்கள்!

அச்சத்தால் அடங்கும் பிள்ளை 'எது சரி?' என்று கேட்கக் கற்பதில்லை, 'எவர் வலியர்?' என்று பார்க்கக் கற்கிறது. பெரியவனான பிறகும் அதையே பார்க்கிறது: முதலாளியிடம், அதிகாரியிடம், சாதித் தலைவனிடம், சாமியாரிடம். பூச்சாண்டி பெயரை மாற்றிக்கொள்கிறான், ஆட்சி மாறுவதில்லை. அந்த ஆட்சியை வீழ்த்த மேடை போடுகிறோம், மாநாடு கூட்டுகிறோம், கூட்டுவோம், தவறில்லை. ஆனால் அதன் முதல் அரியணை நம் வீட்டுச் சோற்றுக் கிண்ணத்தருகே இருக்கிறது. அதைக் கவிழ்க்கப் படை வேண்டாம். பிள்ளையிடம் பொய் சொல்லுவதில்லை என்ற உறுதியும், அந்த உறுதியைக் காக்க இருவர் உழைப்பும் போதும்.