வில்லங்கச் சான்றில் வராத தண்ணீர்

போன ஏப்ரல் மாதம் ஒரகடத்துப் பக்கம் இருந்த எங்கள் வீட்டை விற்பதற்காகத் தயார் செய்தேன். 'தயார்' என்பது புரோக்கர் அண்ணனின் சொல். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலில் நின்று பட்டியல் போட்டார். "தம்பி, மொதல்ல அப்பா போட்டோவ எடுத்துடுங்க. மாலை போட்ட போட்டோ இருந்தா லேடீஸுக்குப் புடிக்காது. டியூப்லைட்ட மாத்தி வார்ம் லைட் போடுங்க. பீரோ, கட்டில்ல பாதிய வெளிய தள்ளுங்க, ரூம் பெருசாத் தெரியும். ஆள் வர்ற அன்னிக்குக் கொஞ்சம் சாம்பிராணி போடுங்க." கடைசியாகச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "கீழ ஓதம் இருக்கு. பட்டி பாத்து டேம்ப் ப்ரூஃப் அடிச்சு எமல்ஷன் குடுத்துட்டா அடுத்த மழை வரைக்கும் ஒண்ணும் தெரியாது."

அடுத்த மழை வரைக்கும். அதைச் சொன்னபோது அவர் குரலில் எந்தக் கள்ளத்தனமும் இல்லை. மேஸ்திரி சிமென்ட் கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

முதல் நான்கு வேலைகளையும் யோசிக்காமல் செய்தேன். ஐந்தாவதில் மாட்டிக்கொண்டேன். படுக்கையறை பீரோவை நகர்த்தியபோது, பின்னால் சுவரில் முழங்காலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பென்சில் கோடு. அதன் மேல் அப்பாவின் கையெழுத்தில் '2-12-15'. வெள்ளம் வடிந்த பிறகு வீடு முழுக்க வெள்ளையடித்தவர், அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார். பெயிண்டர் கேட்டார், "இதையும் அடிச்சிடவா சார்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

முன்கதை சுருக்கமாக. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். கம்பெனி வந்தால் பஸ் வரும், பஸ் வந்தால் ஷிஃப்ட் ஆட்கள் வருவார்கள், அவர்களுக்கு வீடு வேண்டும். வயல்களில் மஞ்சள் கல் நட்டார்கள், கொடி கட்டினார்கள், வேனில் கூட்டிவந்து சாப்பாடு போட்டு மனை காட்டினார்கள். உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா, அப்படி ஒரு மே மாதத்தில் வந்து பார்த்துவிட்டு அம்மா பெயரில் 900 சதுர அடி வாங்கினார். மே மாதத்தில் எல்லா நிலமும் நல்ல நிலம்தான். பின்பக்கம் இருந்த பள்ளம் ஏரி நிரம்பினால் தண்ணீர் போகிற வழி என்று மனை விற்றவர்கள் யாரும் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அவர் கேட்டதெல்லாம் பட்டா, அப்ரூவல், வில்லங்கச் சான்று. எல்லாம் சுத்தமாக இருந்தன.

2015 டிசம்பர் 1-ஆம் தேதியும் அதன் இரவும் இந்தப் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் மறக்காது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள், அடையாற்றுக் கரையே மூழ்கியது என்று பிற்பாடு டிவியில் பார்த்தோம். எங்கள் தெரு எந்தச் செய்தியிலும் வரவில்லை. அம்மாவைக் கட்டில் மேல் உட்கார வைத்து, அதன் கீழே செங்கல் அடுக்கிக்கொண்டே இருந்தோம். விடியும்போது அப்பா சொன்னார்: "ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லிருந்தா அடித்தளத்த ரெண்டு அடி ஏத்திருப்பேன்டா." வேறு யாரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை.

இப்போது அந்த 'ஒருத்தன்' இடத்தில் நான் நின்றேன்.

எனக்குச் சாதகமான வாதங்கள் நிறைய இருந்தன. ஒன்று, நான் பொய் சொல்லப்போவதில்லை, கேட்டால் சொல்வேன். இரண்டு, வாங்குபவர் குழந்தை இல்லை, அக்கம்பக்கத்தில் விசாரிக்கட்டும். மூன்று, ஊரே இப்படித்தான் விற்கிறது. நான் மட்டும் சொன்னால் உலகம் திருந்தாது, என் வீடு மட்டும் விலை போகாது.

இவை புதிய வாதங்களும் இல்லை. பொது யுகத்துக்கு முன் 44-ல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த மகனுக்கு ரோமானியரான சிசரோ கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் ஒரு வீடு விற்பனைக்கு வருகிறது. பார்வைக்கு நல்ல வீடு. உள்ளே அறைகளில் விஷ ஜந்துக்கள், உளுத்துப்போன மரம். விற்பவருக்கு மட்டுமே அது தெரியும். சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்ற அறிஞர் தேவையில்லை என்கிறார் (பீப்பாயில் வாழ்ந்தவர் இல்லை, இவர் பாபிலோன்காரர்): உன்னை யாரும் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லையே, சொல்லாமல் இருப்பதும் மறைப்பதும் ஒன்றா, 'நோய் பிடித்த வீடு விற்பனைக்கு' என்று எவனாவது தமுக்கடிப்பானா? அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் மறுக்கிறார்: வழி தெரியாமல் நிற்பவனுக்கு வழி காட்டாமல் போவதை ஏதென்ஸில் பாவமாகச் சபித்தார்கள், தெரிந்தே ஒருவனைத் தவறான இடத்துக்குப் போகவிடுவது அதைவிட மோசம். சிசரோ மாணவர் பக்கம் நிற்கிறார். நீ அறிந்த ஒன்று அடுத்தவருக்கும் தெரிய வேண்டியது, ஆனால் உன் லாபத்துக்காக அவர் அறியாமல் இருக்கட்டும் என்று நீ விரும்புகிறாய் என்றால், அதுதான் மறைப்பது என்கிறார்.

நம் ஊரில் இதற்கு ரோம் வரை போகத் தேவையில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் வாங்கும்போது கூடுதலாக வாங்க மாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்கள் என்பதைப் பட்டினப்பாலை ஒரு பெருமையாகச் சொல்கிறது. வள்ளுவர் வணிகம் பற்றிய குறளை 'நடுவு நிலைமை' அதிகாரத்தின் கடைசியில்தான் வைத்தார்.

ஆனால் என்னை உண்மையில் மடக்கியது சட்டம். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 55. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், விற்பவர் அறிந்த, வாங்குபவர் அறியாத, அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். 'சாதாரணக் கவனம்' என்ற இடத்தில் நின்றேன். சுவரில் ஓதம் தெரிந்தால், கோடு தெரிந்தால், வருகிறவர் தானே பார்த்துக்கொள்வார். அப்போது என் மௌனம் வெறும் மௌனமாக இருக்கலாம். பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தவுடன் அவர் பார்த்தாலும் தெரியாத குறையை நானே உண்டாக்குகிறேன். பெயிண்ட் பிரஷ்ஷைக் கையில் எடுத்த பிறகு 'நான் ஒண்ணும் சொல்லலையே' என்று சொல்ல முடியாது. சுவர் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் வீட்டை அழகுபடுத்துவதே தப்பா? இல்லை. விருந்தாளி வருகிறார் என்றால் பெருக்கிக் கோலம் போடுகிறோம். அவரை ஏமாற்றுகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. நான் கண்டுபிடித்த அளவுகோல் இது: வாங்கியவர் ஆறு மாதம் கழித்து என் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன கேட்பார்? "ஏன் சார் லைட்ட மாத்தினீங்க" என்று கேட்க மாட்டார். அப்பா போட்டோ எங்கே என்றும் கேட்க மாட்டார். "தண்ணி வரும்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே" என்று கேட்பார்.

பெயிண்டரிடம் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். மற்ற சுவர்களை அடிக்கச் சொன்னேன். இதைப் பெருமையாக எழுதவில்லை. பாதிதான் தைரியம் வந்தது.

முதலில் வந்தது ஓர் இளம் ஜோடி. அவர் கார் கம்பெனியில், அவங்க எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், இரண்டு பேருக்கும் வேறு வேறு ஷிஃப்ட். அவங்களுக்கு வீடு பிடித்துவிட்டது, துளசி மாடம் எங்கே வைக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் படுக்கையறைக்குக் கூட்டிப்போய்க் கோட்டைக் காட்டினேன். புரோக்கர் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்புறம் எதுக்கு சார் ஹால்ல புதுசா பெயிண்ட் அடிச்சீங்க?"

பதில் இல்லை. அவர்கள் திரும்பி வரவில்லை.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். "நீ வித்துட்டுப் போயிடுவ தம்பி. இங்க தண்ணி வரும்னு பேரு வந்துட்டா எங்க எல்லார் வீடும் போச்சு. நாங்க எங்க போறது?" அதுவும் நியாயமாகத்தான் பட்டது. உண்மையைச் சொல்வது என் கடமை, அதன் விலையில் ஒரு பங்கை அவங்க கட்ட வேண்டும்.

அதைவிடப் பெரிய பங்கு அம்மாவுடையது. வீடு அவள் பெயரில். அந்தப் பணத்தில்தான் அக்கா கல்யாணக் கடன் அடைய வேண்டும், மீதியில் அவள் வயதான காலம் ஓட வேண்டும். என் மனசாட்சிக்கு அவள் காசில் செலவு செய்துகொண்டிருந்தேன். இதைத்தான் அந்தப் பழைய வாதங்களில் நான் பார்க்கவில்லை. அங்கே விற்பவர் ஒரே ஆள், சொத்தும் அவருடையது. இங்கே விற்பது ஒரு குடும்பம். நல்லவனாக இருப்பதற்கு முன் அவளைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் செய்ததும் ஒரு மறைப்புதான்.

இரவு அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காபி கொடுக்கும்போது, "அந்தப் பொண்ணு மாசமா இருந்துச்சுடா, பாத்தியா?" என்றாள். நான் கவனித்திருக்கவில்லை. "மழைல கட்டில் மேல உக்காந்தா அதுக்கு எப்படி இருக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

ஜூலையில் விற்றோம், கேட்ட விலைக்கு நான்கு லட்சம் குறைத்து. வாங்கியவர் கோட்டைப் பார்த்தார், டேப் எடுத்து அளந்தார், தளத்தை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று கொத்தனாரிடம் அங்கேயே போனில் கணக்குக் கேட்டார். அப்பாவுக்குக் கிடைக்காத அந்த இரண்டு அடி அவருக்குக் கிடைத்தது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தை வாசித்துக் காட்டினார்கள். சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை என்ற வரி வந்தபோது நான் வாங்குகிறவரைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். அம்மா கையெழுத்துப் போட்டாள். அக்காவின் கடனில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.