சிறையில் இருப்பவரை மறக்கலாமா?



ஒருவர் சிறைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டால் நாம் கேட்பது இரண்டு கேள்விகள். "அவர் நம்ம ஆளா?" "அவர் தப்பு செய்தாரா, இல்லையா?" இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகுதான் இரக்கப்படலாமா என்று யோசிக்கிறோம். மார்க்கம் இந்த வரிசையை ஏற்கவில்லை.

கைதியின் உரிமை

அத்தஹ்ர் சூராவின் 8வது வசனம் சுவனத்திற்குரிய நல்லோரின் குணத்தைச் சொல்கிறது. ஏழைக்கும் அநாதைக்கும் உணவளிப்பதோடு, கைதிக்கு உணவளிப்பதையும் அங்கே அல்லாஹ் புகழ்கிறான். அன்றைய கைதிகள் இணைவைப்பாளர்களே என்று கதாதா (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். அப்படியானால், "நம்ம ஆளா?" என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

பத்ரில் பிடிபட்டவர்கள் வாளேந்தி வந்தவர்கள். அவர்களில் ஒருவர் முஸ்அப் (ரலி) அவர்களின் சகோதரர் அபூ அஸீஸ். அன்ஸாரிகள் தாங்கள் பேரீச்சம்பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டு ரொட்டியைத் தனக்குத் தந்தார்கள், வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்கவில்லை என்று அவரே பின்னாளில் சொன்னார்.

அதே இரவில் பெருமானார் (ஸல்) அவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. கயிற்றால் கட்டப்பட்டிருந்த அப்பாஸ் (ரலி) அவர்களின் முனகல் காதில் விழுந்துகொண்டிருந்தது. ஒருவர் போய் அந்தக் கட்டைத் தளர்த்தினார். அதை அறிந்த நபியவர்கள், கைதிகள் எல்லோருக்கும் அப்படியே செய்யச் சொன்னார்கள் என்று சீரா நூல்களில் பார்க்கிறோம். சிறிய தந்தைக்கு மட்டும் சலுகை இல்லை.

ஹாரூன் ரஷீத் காலத்துத் தலைமைக் காழி இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), கலீஃபாவுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் சிறையைப் பற்றியும் எழுதினார்கள். கைதிக்கு உணவுக்கான தொகையும், கோடைக்கும் குளிருக்கும் ஏற்ற உடையும் பைத்துல்மாலிலிருந்து தர வேண்டும், சங்கிலியோடு தெருவில் பிச்சை கேட்க விடக்கூடாது என்றார்கள். தண்டனை என்பது தீர்ப்பில் எழுதப்பட்டது மட்டுமே. தாகமும் குளிரும் எந்த நீதிபதியின் தீர்ப்பிலும் கிடையாது.

நம் நாட்டில்

2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். இடமோ 4,36,266 பேருக்குத்தான். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள்.

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடிய உமர் காலித், குல்ஃபிஷா ஃபாத்திமா போன்றோர் 2020ல் டெல்லிக் கலவர வழக்கில் கைதானார்கள். விசாரணை முடியாமலேயே ஐந்தாண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தார்கள். உபா சட்டத்தில் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மையெனத் தோன்றினாலே ஜாமீன் மறுக்கப்படும். அப்போது காத்திருப்பதே தண்டனையாகிவிடுகிறது.

திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் பழங்குடி விசாரணைக் கைதிகளுக்காக நீதிமன்றம் ஏறியவர். 2020 அக்டோபரில், 83 வயதில், பீமா கோரேகான் வழக்கில் அவரே கைதானார். பார்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைப் பிடிக்க முடியாது. தண்ணீர் குடிக்க ஸ்ட்ராவும் சிப்பர் குவளையும் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்லவே புலனாய்வு அமைப்பு 20 நாள் அவகாசம் கேட்டது. முகமறியாத மக்கள் பலர் சிப்பர் வாங்கி அனுப்பினார்கள். 2021 ஜூலை 5 அன்று, ஜாமீனுக்குக் காத்திருந்த நிலையிலேயே இறந்துபோனார். குவளை அனுப்பியவர்கள் அவர் எந்த மதம் என்று பார்க்கவில்லை. நாம் பார்க்கலாமா?

மறதி ஒரு சிறை

யூஸுஃப் (அலை) அவர்கள் விடுதலையாகும் தோழரிடம், தன்னைப் பற்றி மன்னரிடம் சொல்லும்படி கேட்டார்கள். வெளியே போனவரை ஷைத்தான் மறக்கடித்தான். அதனால் யூஸுஃப் (அலை) மேலும் சில ஆண்டுகள் சிறையிலேயே இருந்தார்கள். கதவைப் பூட்டியது அரசு. ஆனால் அந்த ஆண்டுகள் நீண்டது வெளியே இருந்தவரின் மறதியால். "நமக்கு ஏன் வம்பு?" என்று நாம் ஒதுங்கும்போது அதே மறதிதான் நம்மையும் பிடிக்கிறது.

பின்னர் மன்னர் அழைத்தபோதும் யூஸுஃப் (அலை) உடனே வெளியே வரவில்லை. முதலில் வழக்கை விசாரிக்கச் சொன்னார்கள். போராடிச் சிறை சென்றவர்களுக்காக நாம் கேட்பதும் இதுதான்: விரைவான, நேர்மையான விசாரணை, அதுவரை மனிதருக்குரிய வாழ்வு. குற்றவாளியைக் காப்பாற்றச் சொல்வதாக இதை யாரும் திரிக்க முடியாது.

கண்ணியமானவர்களே! உங்கள் மஹல்லாவில் சிறைக்குப் போனவரின் வீடு எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை ஜமாஅத் ஏற்கட்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி காவலில் இருக்கும் எவரும் இலவச சட்ட உதவி பெறலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அந்தக் குடும்பத்தை அழைத்துச் செல்லுங்கள். மருந்து, போர்வை, உறவினர் சந்திப்பு மறுக்கப்பட்டால் அமைதியாக, சட்டப்படி, எழுத்தில் கேளுங்கள். எந்த மதத்தவருக்கும் கேளுங்கள்.

அநியாயமாகச் சிறைப்பட்டோருக்கு அல்லாஹ் விரைவில் விடுதலை தருவானாக! அவர்களை மறக்காத உள்ளத்தை நமக்குத் தருவானாக! ஆமீன்.