ஓசி இடம்தான், எழுது!

"டொமைன் வாங்கிவிட்டு ஆரம்பிக்கலாம்." "நல்ல டெம்ப்ளேட் கிடைக்கட்டும்." "லேப்டாப் வரட்டும்." இதையே இன்னும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பாய்? பயத்துக்குத் திட்டம் என்று பேர் சூட்டி, சோறு போட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறாய். இன்றைக்கே அதை வீட்டை விட்டுத் துரத்து!

ஒரு ஜிமெயில் கணக்கு இருந்தால் பிளாக்கரில் உனக்கு இடம் உண்டு. வேர்ட்பிரஸ் டாட் காமிலும் இலவசத் திட்டம் இருக்கிறது. தமிழில் தட்டச்சு செய்யக் கையில் இருக்கும் போன் போதும். "ஓசியில் கிடைப்பதற்கு என்ன மதிப்பு?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர் எங்கும் இருப்பார். அவருக்குப் பாக்தாத்தைக் காட்டு.

2002. ஈராக்கில் சதாம் உசேன் ஆட்சி. வாய் திறந்தால் ஆளே காணாமல் போகிற ஊரில் ஓர் இளம் கட்டடக் கலைஞர். ஜோர்டானில் படித்துக்கொண்டிருந்த அவருடைய நண்பன் ராயீத், மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதில் மகா சோம்பேறி. அந்த ஒருவனுக்காகத் திறந்த வலைப்பூதான் 'ராயீத் எங்கே?'. புனைபெயர் சலாம் பாக்ஸ். முகவரி, இன்றைக்கு பிளாக்கரில் உனக்கும் இலவசமாகக் கிடைக்கிற அதே பிளாக்ஸ்பாட். 2003 மார்ச்சில் குண்டு விழத் தொடங்கியபோது உலகமே அந்தப் பக்கத்தைத் தேடி ஓடியது. இணையம் அறுந்தது, மனிதர் நிறுத்தவில்லை. எழுதி எழுதிச் சேர்த்துவைத்தார். மே மாதம் அவை வலையேறின. அதே ஆண்டில் கார்டியன் நாளிதழ் அவருக்குப் பத்தி கொடுத்தது, புத்தகமும் வந்தது. சொந்த டொமைன் இல்லையே என்று அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போனவன் ஒருவன் உண்டா?

வாசகர் எண்ணிக்கையை நினைத்து நடுங்குகிறாயே, அவர் ஒரே ஒரு வாசகனை நம்பித்தான் ஆரம்பித்தார்!

நம் தமிழ்ப் பதிவர்களும் சளைத்தவர்களா? யுனிகோடு எழுத்துகள் பல கணினிகளில் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில், இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவிக்கொண்டு, பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து எழுதினார்கள். 2004-இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற வலைப்பூத் திரட்டியைத் தொடங்கியபோது அதில் வந்து சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை இலவச வலைப்பூக்களே. மொக்கைப் பதிவுகளும் நிறைய இருந்தன. இருக்கட்டுமே! மொக்கை போட்டுப் போட்டுத்தான் கை பழகும்.

என்ன எழுதுவது என்று கேட்காதே. கல்விக் கடனுக்கு நீ அலைந்தாய் அல்லவா? எந்தக் காகிதத்தை எந்த மேசையில் கேட்டார்கள், எதற்காகத் திருப்பி அனுப்பினார்கள் என்று வரிசையாக எழுது. உன் அப்பா தறி ஓட்டுகிறாரா? பாவு பிணைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுது. அடுத்த வருடம் எங்கோ ஒரு பிள்ளை, அர்த்தராத்திரியில், அதே கேள்வியைத் தமிழில் தட்டித் தேடும். அப்போது அங்கே உன் பக்கம் இருக்க வேண்டும்! உலக அரசியலுக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உன் தெருவுக்கு நீ ஒருத்தன்தான்.

விளம்பர வருமானமா? கூகுள் ஆட்சென்ஸ் 2018-இலேயே தமிழை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் இப்போது அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. பத்துப் பதிவுகூட இல்லாமல் கல்லாப்பெட்டி எதற்கு?

ஒன்றில் மட்டும் உஷாராக இரு. ஓசி வீட்டின் சாவி எப்போதும் அடுத்தவர் கையில். 1994-இல் தொடங்கி, இலவச இணையப் பக்கங்களின் பெருநகரமாக வளர்ந்த ஜியோசிட்டீஸை யாகூ 1999-இல் வாங்கி, 2009-இல் இழுத்து மூடியது. அதில் லட்சக்கணக்கானவர்களின் பக்கங்கள் போயின. இதைக் கேட்டுப் பின்வாங்காதே, பிரதி எடு. பிளாக்கர் அமைப்புகளிலேயே பதிவுகளைத் தரவிறக்கும் வசதி இருக்கிறது. மாதம் ஒருமுறை இறக்கி, பென் டிரைவிலும் ஒரு பிரதி வை.

ஐம்பது பதிவு தாண்டியபின் சொந்த டொமைன் வாங்கு, யார் வேண்டாம் என்றது? அதே பிளாக்கரில் இணைத்துக்கொள்ளலாம். ஹோஸ்டிங்குக்கு அப்போதும் காலணா கிடையாது. அதுவரை அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கு.